டெலிட் செய்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மெயின்பிரேம் கணினியில் ஒரு கோப்பை டெலிட் செய்ய ஒரு வரி போதும். அந்த ஒரு வரி உண்மையில் என்ன செய்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

மெயின்பிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் பயன்படுத்தும் ஒவ்வொரு வட்டிலும் வீடாக் என்றொரு பகுதி உண்டு. எந்தக் கோப்பு எந்த டிராக்கில், அதாவது வட்டின் எந்தத் தடத்தில் இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். டெலிட் செய்யும்போது அந்த விவரம் மட்டுமே போகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, அத்தியாயத்தை அப்படியே விட்டுவைப்பது மாதிரி. 3390 வகை வட்டில் ஒரு டிராக் 56,664 பைட் வரை கொள்ளும். வாடிக்கையாளர் விவரங்களை 100 பைட் பதிவுகளாகச் சேர்த்து அடுக்கினால், ஒரே டிராக்கில் 500 பேருக்கு மேல் இருப்பார்கள். நாளைக்கு அந்த இடம் வேறொரு துறைக்கு ஒதுக்கப்படும். சாதாரணமாகப் படித்தால் புதுக் கோப்பு காலியாகத்தான் தெரியும். விஷயம் தெரிந்தவர், கோப்பு இங்கே முடிகிறது என்று காட்டும் முடிவுக்குறியைத் தாண்டிப் படித்தால், பழைய ஆட்கள் அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள்.

இதற்கு மருந்து பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ராக்எஃப் பாதுகாப்பு மென்பொருளில் 'இரேஸ் ஆன் ஸ்கிராட்ச்' வசதியைப் போட்டுவிட்டால், கோப்பு நீங்கும்போதே அதன் டிராக்குகளும் அழிக்கப்படும். ஆனால் டிராக் டிராக்காக அழித்த காலத்தில் இது வேலையை இழுத்தடித்தது. இரவில் வேலைகளைத் தொகுப்பாக ஓட்டும் பேட்ச் ஓட்டம் தாமதமாகிறது என்று பலர் அணைத்துவைத்தார்கள். 2013இல் வந்த இசட்/ஓஎஸ் 2.1 ஒரே மூச்சில் பல டிராக்குகளை அழிக்கிறது. ஆக, பழைய சாக்கு இனி செல்லாது. இன்னொன்று: பதிவுகளை வரிசைப்படுத்த சார்ட் செய்யும்போது உருவாகும் தற்காலிகக் கோப்புகளை யாரும் நினைப்பதில்லை. மூலக் கோப்பில் உள்ள எல்லாமே அவற்றிலும் இருக்கும். அவையும் அழிய வேண்டுமென்றால் இரேஸ் ஆல் என்று போட வேண்டும்.

சரி, முழு வட்டையே காலி செய்ய வேண்டும் என்றால்? வேறொரு நிறுவனத்தின் பேரிடர் மீட்பு மையத்தில் ஒத்திகை நடத்திவிட்டுக் கிளம்பும்போது இந்த வேலை வரும். நம் தரவு முழுவதும் அவர்கள் வட்டில். அடுத்த வாரம் அதே வட்டில் இன்னொருவர். வட்டைத் தயார்செய்யும் ஐசிகேடிஎஸ்எஃப் நிரலில் இனிட் கட்டளையைச் சும்மா கொடுத்தால், வட்டின் பெயர் உள்ள லேபிளும் வீடாக்கும்தான் புதிதாகும். பழைய டிராக்குகள் அப்படியே இருக்கும். டிராக்குகளை வடிவமைக்கும் டிஆர்கேஎஃப்எம்டி கட்டளையோடு இரேஸ்டேட்டா சேர்த்தால்தான் உள்ளே இருப்பதும் போகும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு: இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வட்டை அழித்துவிடுவது. பகிர்ந்த வட்டு என்றால் பல எல்பார்கள், அதாவது மெயின்பிரேமைப் பிரித்து உருவாக்கிய தனித்தனி அமைப்புகள், ஒரே நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழிக்கும் முன் இங்கே ஆஃப்லைன் ஆக்கிவிட்டோம் என்பதற்காக அங்கேயும் ஆஃப்லைன் என்று அர்த்தமில்லை. இந்த எல்பாரில் ஒரு முகவரி, பக்கத்து எல்பாரில் அதே வட்டுக்கு வேறு முகவரி என்றும் இருக்கலாம். அதனால் வெரிஃபை என்று போட்டு வட்டின் வரிசைப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் வேலை நின்றுவிடும். முகவரி எண்ணை மட்டும் நம்பி அழிக்க வேண்டாம்.

இக்காலச் சேமிப்புப் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். சில வகைகள் மேலெழுதியதை வேறிடத்தில் எழுதிக்கொள்ளும். பழையது உள்ளேயே தங்கும். நொடிநகல் (ஒரு நொடியில் இருந்த நிலையின் பிரதி), தொலைதூரப் பிரதி, காந்த நாடா எல்லாவற்றிலும் ஒரு பிரதி இருக்கும். ஆரம்பத்திலிருந்தே குறியாக்கம் செய்து வைத்திருந்தால், சாவியை அழிப்பது சுலபமான வழி; சாவி இல்லாமல் தரவைப் படிக்க முடியாது. ஆனால் அந்தச் சாவிக்கு எத்தனை நகல், யாரிடம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், அழித்து முடித்ததும் வட்டுத் தரவைக் கையாளும் டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ் நிரலின் பிரிண்ட் கட்டளையால் தொடக்கம், நடு, கடைசி என்று சில டிராக்குகளை அச்செடுத்துப் பாருங்கள். தணிக்கையாளர் கேட்கும்போது அந்தத் தாளை எடுத்துக் கொடுக்கலாம். வணக்கம்.