28 ஃப்ரீ த்ரோ

வணக்கம் நேயர்களே. பேஸ்கட்பால் படம்னு சொன்னாலே எனக்கு 2006ல வந்த க்ளோரி ரோட்தான் ஞாபகம் வரும். டெக்சாஸ்ல எல் பாசோன்னு ஒரு ஊர், அங்க டெக்சாஸ் வெஸ்டர்ன் காலேஜ், கோச் டான் ஹாஸ்கின்ஸ். 1966 மார்ச் 19, அமெரிக்க காலேஜ் சாம்பியன்ஷிப் ஃபைனல். அஞ்சு கறுப்பினப் பசங்கள ஆரம்பத்துலயே இறக்கி, வெள்ளைக்காரங்க மட்டுமே இருந்த கென்டக்கி டீமை 72க்கு 65ன்னு ஜெயிச்சாங்க.

படத்துல கோச் வந்த முதல் வருஷமே கப் அடிச்ச மாதிரி காட்டுவாங்க, ஆனா அவரு 1961லயே வந்துட்டாரு. அந்த அஞ்சு பேரை இறக்குறதும் ஃபைனலுக்காக திடீர்னு எடுத்த முடிவு இல்ல, அந்த சீசன்ல முன்னாடியே அப்படி இறக்கிருக்காரு, இருக்கிறதுல நல்லா ஆடுறவங்கள இறக்கினேன்னுதான் பின்னாடியும் சொல்லிட்டிருந்தாரு.

அப்போ பலபேர் என்ன நம்பினாங்க தெரியுமா, கறுப்பினப் பசங்க நல்லா ஓடுவாங்க, குதிப்பாங்க, ஆனா சேர்ந்து ஆட வராது, நெருக்கடியில பதறிடுவாங்க, கூட ஒரு வெள்ளைக்காரன் இருந்தாத்தான் டீம் ஒழுங்கா இருக்கும்னு. எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது. உள்ள விடாம கதவை அடைக்கிறது ஒண்ணு, உள்ள வந்தவன பாத்து உன்னால நாலு பேரோட சேர்ந்து வேலை செய்ய முடியாதுன்னு முத்திரை குத்துறது இன்னொண்ணு.

இங்கதான் ஃப்ரீ த்ரோ பத்தி சொல்லணும், நான் எங்க போனாலும் இதச் சொல்லுவேன். எதிராளி ஃபவுல் பண்ணா, குறுக்க யாரும் வராம கோட்டுல தனியா நின்னு போடுற பந்து, விழுந்தா ஒரு பாயிண்ட். ஓட்டமும் இல்ல குதியும் இல்ல, கையி நடுங்கக்கூடாது, அவ்வளவுதான். அந்த ஃபைனல்ல ஆட்டத்துக்கு நடுவுல கூடையில விழுந்த பந்து கென்டக்கிக்கு 27, டெக்சாஸ் வெஸ்டர்னுக்கு 22தான், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பாயிண்ட், மூணு பாயிண்ட் ஷாட்டெல்லாம் அப்போ கிடையாது. ஃப்ரீ த்ரோவுல கென்டக்கி 11, இவங்க 34 வாய்ப்புல 28! அதாவது பதறிடுவாங்கன்னு யாரச் சொன்னாங்களோ அவங்க பதறாம நின்னு போட்ட பாயிண்ட்லதான் கப்பே வந்துச்சு. திரும்பவும் சொல்றேன், 34ல 28.

சேர்ந்து ஆடுறதுன்னா கட்டிப்பிடிச்சு அழுற சீன் மட்டும் இல்லீங்க. கென்டக்கி வேகமான டீம்னு, வழக்கமா ஆரம்பத்துல இறங்குற உயரமான நெவில் ஷெட்டை உக்கார வச்சுட்டு அஞ்சடி ஆறங்குல வில்லி வொர்ஸ்லிய இறக்கினாரு கோச். ஷெட் அப்புறமா இறங்கி அவரு பங்குக்கு ஆடினாரு, அதுவும்தான் டீம்.

நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டுறாங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். 1963ல மிஸ்ஸிசிப்பி ஸ்டேட் டீம், கறுப்பினப் பசங்க இருக்கிற சிகாகோ லயோலா டீமோட ஆடக்கூடாதுன்னு சிலபேர் கோர்ட்ல தடை வாங்கிட்டாங்க, ஆர்டர் கைக்கு வர்றதுக்குள்ள மிஸ்ஸிசிப்பி கோச் மாநிலத்த விட்டே கிளம்பிட்டாரு, பசங்களும் மிச்சிகன் போய்ச் சேர்ந்து ஆடிட்டாங்க. லயோலா 61, மிஸ்ஸிசிப்பி ஸ்டேட் 51, அந்த வருஷக் கப்பும் லயோலாவுக்குத்தான். வணக்கம்.