குரூப் 4 சந்தேகம்: ரெண்டு தடவை படிச்சும் 140 கேள்வியைத் தாண்ட மாட்டேங்குதே, ஏன்?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வேலைக்குப் போயிட்டே டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கறாங்க. ஆறாவதுலருந்து பத்தாவது வரைக்கும் சமச்சீர் புத்தகத்தை ரெண்டு தடவை முடிச்சாச்சு. மாதிரித் தேர்வு எழுதினா 200-க்கு 140 கேள்விதான் சரியா வருது. தேர்வுக்கு மூணு மாசம் இருக்கு, மூணாவது தடவை முதல்லருந்து படிக்கவான்னு கேக்கறாங்க.

வேண்டாம்மா. முதல் பக்கத்துலருந்து ஆரம்பிச்சா, ஏற்கெனவே தெரிஞ்ச 140-ஐத்தான் திரும்பப் படிப்பீங்க. கடைசியா எழுதின மூணு மாதிரித் தேர்வை எடுங்க. தப்பான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்துலயும் ஒரு எழுத்து போடுங்க. படிக்கவே இல்லைன்னா 'ப', படிச்சு மறந்திருந்தா 'ம', கேள்வியைச் சரியா வாசிக்கலைன்னா 'வா', கணக்குல கைத்தவறுன்னா 'க'.

ரெண்டு தடவை படிச்சவங்களுக்குப் பெரும்பாலும் 'ம'தான் அதிகம் வரும். புத்தகத்தைத் திறந்து வெச்சுப் படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். அந்த நினைப்புதான் கவுக்குது. ஒரு பாடம் முடிஞ்சதும் மூடிட்டு, நினைவுல வர்றதை வெள்ளைத்தாள்ல எழுதுங்க. அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில சேருங்க. மறுநாளும், ஒரு வாரம் கழிச்சும் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தா போதும். தமிழ்ல நூல்வெளி, சொல்லும் பொருளும், பெட்டிச் செய்தி, இதையெல்லாம் ஓரம்தானேன்னு தாண்டிப் போயிடறோம். கேள்வி அங்கருந்தும் வருது.

'வா' போட்ட கேள்விக்குப் புத்தகமே தேவையில்லை. 'தவறான கூற்று எது', 'பொருந்தாதது எது'ன்னு இருந்தா வினாத்தாள்லயே அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுட்டுத்தான் விடையைப் பார்க்கணும். கூற்று, காரணம்னு ரெண்டு வாக்கியம் கொடுத்துக் கேக்கற கேள்வியில, ரெண்டும் உண்மைன்னு தெரிஞ்ச உடனே 'காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம்'னு போட்டுடறோம். 1930-ல ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்னு கூற்று. 1919-ல ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததுன்னு காரணம். ரெண்டும் உண்மை. ஆனா நடுவுல 'ஏன்னா' போட்டு வாசிச்சுப் பாருங்க, ஒட்டலை இல்லையா? உப்பு வரியை எதிர்த்துத்தானே அந்த நடை.

கணக்கும் திறனறிவும் சேர்த்து 25 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக 37.5 மார்க். ஞாயிற்றுக்கிழமைக்குன்னு மொத்தமாத் தள்ளி வெக்காதீங்க, தினமும் 15 கணக்கு, கடிகாரம் வெச்சுப் போடுங்க. ஒரு வேலையை ஒருத்தர் 10 நாள்ல முடிப்பார், இன்னொருத்தர் 15 நாள்லன்னா, மீ.சி.ம. (ரெண்டாலும் மீதியில்லாம வகுபடற சின்ன எண்) 30-ஐ மொத்த வேலையா வெச்சுக்கங்க. ஒரு நாளைக்கு 3-ம் 2-ம் சேர்ந்து 5. 30-ஐ 5-ஆல வகுத்தா 6 நாள். பின்னத்துல இறங்கினாத்தான் கை தவறும். கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் ரெண்டு வருஷ வித்தியாசம் கேட்டா, 10,000 ரூபாய்க்கு 10 சதவீதத்துல 100 ரூபாய். முதல் வருஷ வட்டி 1,000-க்கு வர்ற வட்டிதான் அது. ரெண்டையும் தனித்தனியாப் போட்டுக் கழிக்க வேண்டியதில்லை.

மாதிரித் தேர்வு வாரத்துக்கு ஒண்ணு போதும். மூணு மணி நேரம் எழுதினா, அலச அதைவிட அதிக நேரம் ஆகும். மூணு நாலு எழுதிட்டு மார்க்கை மட்டும் பார்க்கறதுல பிரயோஜனம் இல்லை. ஞாயிறு காலை 9.30-க்கு உட்காருங்க, ஓஎம்ஆர் தாள் (விடைக்கான வட்டத்தை நிரப்பற தாள்) நகல்ல, கறுப்பு பால்பாயின்ட் பேனாவுல. தமிழுக்கு 50 நிமிஷம், பொது அறிவுக்கு 60, கணக்குக்கு 40. மிச்சம் அரை மணி சரிபார்க்க. வட்டத்தைக் கடைசியில மொத்தமா நிரப்பலாம்னு விட்டா ஒரு வரிசை மாறினாலே கீழே எல்லாம் தப்பு. ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் நிரப்பிடுங்க.

தப்பான விடைக்கு மார்க் குறைக்கறதில்லை. அதனால ரெண்டு விடையை நீக்க முடிஞ்சா, 'விடை தெரியவில்லை'ங்கற 'இ'-யை (E) நிரப்பாம மிச்ச ரெண்டுல ஒண்ணைப் போடுங்க. எதையும் நிரப்பாம மட்டும் விடக்கூடாது. ஏ-லருந்து இ வரை (A-E) ஒவ்வொண்ணையும் எத்தனை தடவை நிரப்பியிருக்கோம்னு எண்ணி எழுதற இடத்தையும் வீட்லயே பழகுங்க. கூட்டினா 200 வரணும்.