காலியாகாத கோட்டைகளுக்குக் காவல் யார்?

நண்பர்களே, 1784-ஆம் ஆண்டின் அமெரிக்காவுக்கு வாருங்கள். விடுதலைப் போர் முடிந்துவிட்டது. போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கைப்படி, நியூயார்க் எல்லையிலுள்ள நயாகரா, ஆஸ்வீகோ கோட்டைகள் அமெரிக்காவுக்கு உரியவை. ஆனால் அங்கே பறப்பது இன்னும் பிரிட்டிஷ் கொடிதான். அதற்குள், அந்தக் கோட்டைகளில் யாருடைய சிப்பாய் காவல் நிற்பது என்று நியூயார்க் மாநிலமும், மாநிலங்களின் கூட்டு அவையான காங்கிரசும் மல்லுக்கு நிற்கின்றன. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்கும் சண்டை!

சட்டம் இருவருக்குமே இடம் கொடுத்தது. நாட்டின் முதல் அரசியல் சட்டமான கூட்டமைப்பு விதிகளின் ஆறாம் பிரிவு, அமைதிக்காலத்தில் மாநிலம் படை வைத்திருக்கக் கூடாது என்றது. தன் பாதுகாப்புக்கான கோட்டைகளில் மட்டும், காங்கிரஸ் தேவையென்று கருதும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது. நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் கிளிண்டன் அந்த விதிவிலக்கைப் பற்றிக்கொண்டார். காங்கிரசிடமோ ஆளும் இல்லை, காசும் இல்லை. ஜூன் 2-ஆம் தேதி அது மிச்சப் படையையும் கலைத்தது: பிட் கோட்டைக்கு 25 பேர், வெஸ்ட் பாயிண்டுக்கு 55 பேர், அவ்வளவுதான். மறுநாளே நியூயார்க் உட்பட நான்கு மாநிலங்களிடம் 700 பேரைக் கேட்டது! செப்டம்பருக்குள் தம் பங்கை நிரப்பியவை பென்சில்வேனியாவும் நியூஜெர்சியும் மட்டுமே.

தூது போன கதை இன்னும் வேடிக்கை. கோட்டைகளைக் கேட்டு, 1783-இல் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன், ஸ்டூபன் என்ற தளபதியை அனுப்பினார். மறு ஆண்டு கிளிண்டன் தன் சார்பில் ஃபிஷ் என்ற அதிகாரியை அனுப்பினார். பிறகு காங்கிரஸ் தரப்பில் ஹல் என்ற அதிகாரி போனார். கோட்டைகளை ஒப்படைக்க உத்தரவு வரவில்லை என்று மூவரையும் திருப்பி அனுப்பிவிட்டார் கியூபெக்கின் பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட்.

வெறும் கோட்டைக்காகவா இத்தனை பிடிவாதம்? இல்லை, நிலத்துக்காக. காவல் எவருடையதோ, சுற்றியுள்ள இரோக்வாய் என்ற பூர்வகுடி மக்களிடம் நிலம் பேசும் வாய்ப்பும் அவருக்கே. அந்த மக்களை ஸ்டான்விக்ஸ் கோட்டைக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை வரவழைத்தார்கள்: செப்டம்பரில் கிளிண்டன், அக்டோபரில் காங்கிரஸ் ஆணையர்கள். யாரிடம் பேசினால் அது செல்லும்? என்னைக் கேட்டால், இந்தச் சண்டையில் உண்மையாக அடிபட்டவர்கள் அவர்கள்தான்.

காங்கிரசின் இசைவின்றி மாநிலங்கள் அமைதிக்காலத்தில் படை வைப்பதைப் புதிய அரசியல் சட்டம் தடுத்தது. 1796-இல் பிரிட்டிஷார் வெளியேறியபோது உள்ளே நுழைந்தது மத்திய அரசின் படை. ஆனால் நியூயார்க்கின் நில ஆசை அடங்கவில்லை. மத்திய சட்டத்தை மீறி, 1795-இல் இரோக்வாய்களில் ஒரு பிரிவினரான ஒனைடா மக்களிடமிருந்து ஏறத்தாழ 1,00,000 ஏக்கரை வாங்கியது. விடுதலைப் போரில் ஒனைடாக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்டவர்கள்! அந்த விற்பனையை எதிர்த்து வழக்காட அவர்களுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1985-இல்.