முதல் ஊசி ஏறுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். நான் இருபத்தெட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். கடைசிப் பதினோரு வருடம் கோவையில் ஒரு மருத்துவமனையின் கீமோ வார்டில், அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் வார்டில் வேலை. ஓய்வு பெற்றதும் கோத்தகிரிக்கே திரும்பிவிட்டேன். இங்கே பஸ்ஸில் பார்த்தால்கூட "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். உதகை வானொலியில் பேச வரச் சொன்னபோது, வார்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டேன். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கப்போகும் இளம் வயதுக்காரர்கள், பிற்பாடு குழந்தை பெற்றுக்கொள்ள இப்போதே ஏதாவது வழிசெய்து வைக்க முடியுமா?

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன் ஒருவன். வயது இருபத்திரண்டு. கழுத்தில் நெறி கட்டி, சதை எடுத்துப் பார்த்ததில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோய். அவனுக்கு மூன்றாவது தடவை மருந்து ஏறிக்கொண்டிருந்த அன்று, அம்மா டீ வாங்கக் கீழே போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ட்ரிப்பில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டர், இதுக்கப்புறம் எனக்குக் குழந்தை பிறக்குமா?" என்றான்.

என்னிடம் பதில் இருந்தது. ஒரு மாதம் பிந்திப்போன பதில். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு விந்து எடுத்துச் சேமிப்பதை டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதிலுள்ள மரபணுவில் மருந்தின் சேதம் இருக்கக்கூடும். முதல் ஊசிக்கு முந்தைய வாரம் சேமித்திருந்தால் சரி. அன்று இரவு அவனுடைய அட்மிஷன் பாரத்தை எடுத்துப் பார்த்தேன். பொய்ப்பல் உண்டா, கழற்றிவைத்த நகை என்ன, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று எல்லாம் கேட்டிருந்தோம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அந்தத் தாளில் இடமே இல்லை.

அவனுக்குக் கொடுத்த மருந்துகள் விந்தணு உற்பத்தியை நிரந்தரமாக நிறுத்துவது அரிது. இரண்டு வருடம் கழித்துப் பரிசோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அது அவன் அதிர்ஷ்டம், எங்கள் சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை.

கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப்போய் அடிக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். விந்தணுவை உண்டாக்கும் செல்களும் வேகமாகப் பெருகும் சரக்குதான். பெண்ணின் கதை வேறு. முட்டை புதிதாக உற்பத்தி ஆவதில்லை. பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் என்று கையிருப்போடு பிறக்கிறாள், வயதுக்கு வரும்போது அதில் மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் இந்தக் கையிருப்பைத் தின்றுவிடும். இருபத்தைந்து வயதுக்காரி தாங்குவதை முப்பத்தெட்டு வயதுக்காரி தாங்கமாட்டாள். மாதவிலக்கு திரும்ப வந்துவிட்டது, அதனால் பயமில்லை என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். விலக்கு வந்தாலும் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கலாம். இதையே தலைகீழாகவும் சொல்லவேண்டும்: சிகிச்சையின்போது விலக்கு நின்றுவிட்டது என்று கருத்தடையை விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் கரு தங்கினால் பெரிய சிக்கல்.

சேமிப்பது என்றால் உறைய வைப்பதுதான். அது என்ன என்று மாடு வளர்ப்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். சினை ஊசி போட வருகிறவர் கேன் மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை வழியும், பார்த்திருப்பீர்கள். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதில் மெல்லிய குழாய்களில் காளையின் விந்து உறைந்து கிடக்கும். நம் உதகை ஜெர்சிப் பண்ணையிலேயே இந்த உறைவிந்து தயாராகிறது. மனிதருக்கும் அதே நைட்ரஜன், அதே போன்ற மெல்லிய குழாய். உறைய வைத்த விந்தில் மனிதக் குழந்தை முதலில் பிறந்தது 1953இல். ஜெர்சிக் காளையின் வாரிசுக்காக இந்த மலை இவ்வளவு மெனக்கெடுகிறது. நம் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்கக்கூட இல்லையே என்று, கேன் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1978 அக்டோபரில், உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி அந்த முறையில் ஒரு பெண் குழந்தையைப் பிறக்கவைத்தார். கருவை உறைய வைத்து, பிறகு உருக்கித் தாயின் கர்ப்பப்பையில் வைத்ததாக அவர் சொன்னதை அரசு அமைத்த குழு நம்பவில்லை. 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்ததற்கு அங்கீகாரம் வந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

ஆண்களுக்கு இந்த வேலை சுலபம். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று முறை விந்து கொடுத்தால் முடிந்தது. ஆனால் மலைக்காரர்களுக்கு அதிலும் ஒரு தொல்லை. வீட்டில் எடுத்த விந்து உடம்புச் சூட்டிலேயே ஒரு மணி நேரத்துக்குள் கோவை ஆய்வுக்கூடம் சேரவேண்டும். ஊட்டி பஸ் பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் இறங்கி மேட்டுப்பாளையம் தொடுவதற்குள்ளேயே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு அப்பா, பையன் கொடுத்ததை ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கட்டி போட்டு, அதன்மேல் துண்டைச் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். "கெட்டுப்போகாம கொண்டாந்துட்டேங்க" என்று நீட்டினார். ஐஸ்தான் அதைக் கெடுத்தது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுகூட நகரவில்லை. அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று லேப் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

பெண்களுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முட்டைகள் முதிரத் தினமும் ஊசி, நடுநடுவே ஸ்கேன், கடைசியில் மயக்கம் கொடுத்து ஊசி வழியாக முட்டைகளை எடுப்பார்கள். முன்பெல்லாம் விலக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். இப்போது எந்த நாளிலும் ஆரம்பிக்கலாம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் ஏறிவிடாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் கூடவே கொடுக்கிறார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கீழ்வழியாக ஸ்கேனா என்று அம்மாக்கள் தயங்குவார்கள். வயிற்றின்மேல் வைத்தும் பார்க்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். பத்து முட்டை வைத்தால் பத்துக் குழந்தை என்று கணக்குப் போடவும் கூடாது. உருக்கும்போது சில வீணாகும், சில கருவாகாது. கல்யாணமானவர்கள் முட்டையைக் கணவரின் விந்தோடு சேர்த்துக் கருவாகவே வைக்கலாம். ஆனால் 2021இல் வந்த சட்டப்படி கருவைப் பத்து வருடத்துக்குமேல் வைக்க முடியாது.

எல்லோருக்கும் அந்தப் பதினான்கு நாள் கிடைக்காது. வேகமான ரத்தப் புற்றுநோய் என்றால் நாளைக்கே மருந்து ஏறியாகவேண்டும். அங்கே நான் குறுக்கே பேசமாட்டேன். வயதுக்கு வராத சிறுமிக்கு முட்டை எடுக்க முடியாது. சினைப்பையில் ஒரு துண்டை எடுத்து உறைய வைத்து, பின்னாளில் திரும்பப் பொருத்தலாம். அப்படிப் பொருத்திக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 2004இல் பெல்ஜியத்தில் முதல் குழந்தை பிறந்தது. இடுப்புப் பகுதியில் கரன்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைப்பதாக இருந்தால், சினைப்பையைக் கதிர் படாத இடத்துக்கு மேலே தூக்கித் தைத்துவிடுகிற ஆபரேஷனும் உண்டு.

சரி, இந்த வசதியை எப்படிப் பெருக்குவது? ஊட்டியிலும் கூடலூரிலும் ஆளுக்கொரு லேப் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. வருடத்துக்குக் கொஞ்சம் பேருக்காக நைட்ரஜன் ஊற்றிக்கொண்டு, பழகிய கை இல்லாமல் லேப் நடத்தினால் சரக்குத்தான் வீணாகும். லேப் கோவையிலேயே இருக்கட்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டை, அதாவது சதைப் பரிசோதனை முடிவைக் கையில் கொடுக்கிற இடத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும், அது எந்தச் சின்ன ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி. அன்றைக்கே கோவைக்குப் போன் போட்டு நாள் வாங்கித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு வாரம், இரண்டு வாரம் கீழே தங்க ஓர் அறை வேண்டும். லாட்ஜ் வாடகைக்குப் பயந்து வேண்டாம் என்றவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் பணம். கீமோவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கிறது. கீமோ பறிக்கப்போவதைக் காப்பாற்றி வைக்கும் செலவையும் அதே அட்டையில் சேர்க்கவேண்டும். முடிக்காக விக் கேட்கிற மாதிரி ஆசைக்குக் கேட்கிறார்கள் என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

வீட்டுப் பெரியவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். இருபத்தொன்பது வயது டீச்சர் ஒருத்தி, கல்யாணமாகாதவள், மார்பில் ஆபரேஷன் முடிந்திருந்தது. காயம் ஆறி கீமோ தொடங்க மூன்று நான்கு வாரம் ஆகும், அந்த இடைவெளி இதற்குப் போதும் என்று டாக்டர் சொன்னார். அம்மா எழுந்துவிட்டார். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர், உசுரு இருந்தாப் போதாதுங்களா? வெளிய தெரிஞ்சா இவளை யாரு கட்டுவாங்க?" மகள் தன் சால்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவை வெளியே கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் டாக்டரிடம் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

போன மாதம் அவளைக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடி நன்றாக வளர்ந்திருந்தது. ஏழு முட்டை வைத்திருக்கிறாள், வருடாவருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். இந்த வருடம் கட்டியாயிற்றா என்று கேட்டேன். "அம்மாவே போய்க் கட்டிட்டு வந்துட்டாங்க சிஸ்டர். ரசீதை என்கிட்டகூடத் தர மாட்டேங்கறாங்க. பீரோவுல, நகைச் சீட்டோட வெச்சிருக்காங்க" என்றாள்.

வணக்கம்.