24 வோல்ட் தவறிப் பட்டாலும் ஏடிசி பின் பிழைக்க வேண்டுமா?

[திரையில்: கண்ட்ரோல் பேனல், டெர்மினல் பிளாக்கில் அடுத்தடுத்து இரண்டு ஒயர்கள்]

வணக்கம். இதில் ஒன்று 24 வோல்ட் சப்ளை. பக்கத்தில் இருப்பது பிரஷர் சென்சாரின் 0–5 வோல்ட் சிக்னல், ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஏ0 பின்னுக்குப் போகிறது. இதுதான் ஏடிசி பின், அதாவது வோல்ட்டை எண்ணாக மாற்றும் சுற்றின் வாசல். ஸ்க்ரூ தளர்ந்து இரண்டும் ஒட்டிக்கொண்டால் 24 வோல்ட் நேராகச் சிப்புக்குள் இறங்கும். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட், 5 வோல்ட் சப்ளையில் பின்னுக்குத் தரும் உச்சவரம்போ 5.5 வோல்ட்தான்.

[திரையில்: பின்னின் உள்சுற்று]

சிப்புக்குள்ளேயே 5 வோல்ட் லைனுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று என இரண்டு டையோடுகள் உண்டு. அது போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். போதாது. அவற்றில் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓட விட வேண்டாம் என்று இந்தச் சிப் வகையான ஏவிஆருக்கான அப்ளிகேஷன் நோட்டே சொல்கிறது. பேனல் சப்ளை ஆம்பியர் கணக்கில் தள்ளும்.

அதனால் முதலில் சென்சார் ஒயருக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். 1 கிலோ ஓம் போட்டால் சுமார் 19 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.35 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 10 கிலோ ஓம் என்றால் 1.9 மில்லி ஆம்பியர், 35 மில்லிவாட். பயமில்லை.

சிக்னல் வழியில் இதைவிடப் பெரிய ரெசிஸ்டர் வேண்டாம், இந்த ஏடிசிக்கு 10 கிலோ ஓம்தான் எல்லை. பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். உள்ளே இருக்கும் 14 பிக்கோஃபாரட் சாம்பிள் கெப்பாசிட்டருக்கு அதுவே சார்ஜ் கொடுத்துவிடும். 160 ஹெர்ட்ஸுக்கு மேல் சிக்னல் மங்கும். பிரஷர் அளக்க அது பிரச்சினையே இல்லை.

1.9 இன்னும் 1-ஐத் தாண்டுகிறது, இல்லையா? அதற்குத்தான் வெளியே, பின்னிலிருந்து 5 வோல்ட் லைனுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று என ஒரு பிஏடி54எஸ் ஷாட்கி டையோடு ஜோடி. சுமார் 0.3 வோல்ட்டிலேயே திறந்து, உள் டையோடை முந்திக்கொள்ளும்.

[திரையில்: மின்னோட்டம் 5 வோல்ட் லைனுக்குள் போவது, சிவப்பு அம்புக்குறி]

சரி, அந்த 1.9 மில்லி ஆம்பியர் எங்கே போகிறது? டையோடு அதை அழிப்பதில்லை, 5 வோல்ட் லைனுக்குள் தள்ளிவிடுகிறது. போர்டு ஓடிக்கொண்டிருந்தால் எல்.ஈ.டி, யூ.எஸ்.பி சிப் எல்லாம் அதைக் குடித்துவிடும். ஆனால் நீங்களே போர்டு செய்து, பேட்டரிக்காகச் சிப்பைத் தூங்க வைத்தால் அங்கே மைக்ரோ ஆம்பியர்தான் செலவு. சாதாரண ரெகுலேட்டர் மின்னோட்டத்தைக் கொடுக்கும், வாங்கிக்கொள்ளாது. லைன் மெல்ல ஏறி 6 வோல்ட்டைத் தாண்டும். அதுதான் சிப்பின் சப்ளை உச்சவரம்பு. பின்னைக் காப்பாற்றப் போய் சிப்பையே இழப்போம். 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 5.6 வோல்ட் ஸீனர் டையோடு (அந்த வோல்ட் வந்ததும் திறந்துகொள்வது) போட்டால், மிச்சம் அதன் வழியாக இறங்கிவிடும்.

அப்புறம், ஷாட்கி டையோடு கொஞ்சம் கசியும். 2 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 10 கிலோ ஓமில் 20 மில்லிவோல்ட், அதாவது 10 பிட் அளவீட்டில் 4 படி பிழை. சூட்டில் கசிவு இன்னும் கூடும். பேனல் வெயிலில் நிற்கிறதென்றால் கசிவு குறைந்த டையோடைத் தேடுங்கள்.

[திரையில்: பெஞ்ச் சப்ளை, மல்டிமீட்டர்]

பேனலில் மாட்டும் முன் சோதித்துவிடுங்கள். பெஞ்ச் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 5 மில்லி ஆம்பியரில் வைத்து, ரெசிஸ்டரின் சென்சார் பக்க முனையில் 24 வோல்ட் கொடுங்கள். பின்னை அளங்கள், 5.5-க்குள் இருக்க வேண்டும். பிறகு சிப்பைத் தூங்க வைத்து, 5 வோல்ட் லைனையும் அளங்கள்.