ஆஸ்பத்திரியில் சேராத பிள்ளைக்கு யார் காப்பீட்டுப் பணம் தருவார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு உளவியல் பரிசோதனை செய்வது என் வேலை. மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் என்னிடம் கூட்டம் கூடும். விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் 61 நாள் கரையில் இருப்பார்கள். பிள்ளையைக் கூட்டிவர நேரம் இருக்கும், கையில்தான் காசு இருக்காது.

போன தடைக்காலத்தில் பாம்பனிலிருந்து ஒருவர் எட்டு வயது மகனோடு வந்தார். வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து மரத்துண்டுகளை அதனதன் குழியில் பொருத்தும் பலகை ஒன்று உண்டு. பையன் விறுவிறுவென்று பொருத்திவிட்டான். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. மூன்று தடவை வரவழைத்து அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அப்பா பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். ‘ஆஸ்பத்திரியில் சேரவில்லையே’ என்று திருப்பிவிட்டார்கள்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிப்போனவர்களைப் பார்த்தது நம் ராமநாதபுரம் மாவட்டம். அதனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் அருமை நமக்குத் தெரியும். உடல்நோய்க்கு எப்படியோ, மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. ஆனால் உடல்நோய்க்கே பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் தருகின்றன. பிள்ளைக்கான பரிசோதனையோ நாற்காலியில் உட்கார்ந்து முடிவது. அதனால் முதலிலேயே கேளுங்கள்: புறநோயாளிச் செலவு சேருமா, பரிசோதனைக் கட்டணம் சேருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். டாக்டர் பரிந்துரைத்த சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லி, முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது.

சரி, அதுவரை பிள்ளை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 18 வயதுவரை பார்ப்பார்கள், மேல் பரிசோதனைக்கும் இலவசமாக அனுப்புவார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால், மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் சேரலாம். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆஸ்பத்திரியில் சேராமலே பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அதில் கேட்கலாம்.

வாசிக்க, எழுதத் தடுமாறும் கற்றல் குறைபாடு அந்தத் திட்டத்தில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதையும் ஒரு குறைபாடு என்று ஏற்றுக்கொண்ட பிறகும் இப்படி விட்டுவைப்பது அநியாயம் என்றே சொல்வேன். பாம்பன் பையனுக்கு இருப்பது அந்தக் கற்றல் குறைபாடுதான்.

அவன் அறிக்கையை அப்பா, தன் மீனவர் அடையாள அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருக்கிறார். பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க, அதை எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனார்.