மூடிக்கு அடியில் ஒரு பொட்டலம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உங்கள் பகுதிச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சாதவர்களும் தாராளமாகக் கேட்கலாம். ரொட்டி மாவு உப்பி எழுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான்.

கிட் என்று கடையில் கொடுப்பது ஒரு டப்பா. உள்ளே ஏறக்குறைய 1.7 கிலோ மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு இருக்கும். கசப்புக்கான ஹாப்ஸ் பூவை அதிலேயே சேர்த்திருப்பார்கள். பாகை வாளியில் கொட்டி, வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, 20, 23 லிட்டர் வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். அப்புறம் டப்பாவின் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்துத் தூவி மூடிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

ஆரம்பத்தில் நான் காய்ச்சிய பீர் எல்லாவற்றிலும் ஒரே குறை. பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல ஒரு வாசனை, பின்னால் தொண்டையில் ஒரு காரம். டப்பாவை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், வாளியைக் கூட மாற்றினேன். வாசனை போகவில்லை. கடைசியில் ஒரு நாள் ஒரே ரகத்தில் இரண்டு டப்பா வாங்கி, ஒரே நேரத்தில் கரைத்து, இரண்டு வாளிகளையும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் மூடிக்கு அடியில் இருந்த பொட்டலம். இன்னொன்றில் தனியாக வாங்கிய, ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட், சேஃப்ஏல் யூஎஸ்-05, 11.5 கிராம். மற்றதெல்லாம் ஒன்றுதான், சர்க்கரை உட்பட.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தனி ஈஸ்ட் போட்ட வாளியில் கெட்டியாக நுரை எழும்பியிருந்தது. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ். ஒரு மாதம் கழித்து, எது எது என்று சொல்லாமல் நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஆறு பேர் குடித்தார்கள். ஆறு பேரும் ஒரே தம்ளரைத்தான் மறுபடி நீட்டினார்கள். என்ன டப்பா மாற்றினாய் என்று கேட்டார்கள். டப்பாவை மாற்றவே இல்லை என்றேன்.

இதை அழுத்திச் சொல்கிறேன். பீரை நாம் செய்வதில்லை. நாம் இனிப்புத் தண்ணீரைத் தயார் செய்கிறோம், பீரைச் செய்வது ஈஸ்ட். பவேரியாவில் 1516-இல் போட்ட புகழ்பெற்ற பீர்ச் சட்டத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றுதான் இருக்கின்றன. ஈஸ்ட் இல்லை. அது ஓர் உயிர் என்பதே அன்று யாருக்கும் தெரியாது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தது 1883-இல். வேண்டிய ஈஸ்டைத் தேர்ந்தெடுத்துப் போடும் வசதி நமக்கு அப்படி வந்ததுதான்.

பொட்டல ஈஸ்டில் என்ன குறை? பெரும்பாலும் 5 முதல் 7 கிராம்தான் இருக்கும், இருபது லிட்டருக்கு அது குறைவான அளவு. டப்பா கிடங்கிலும் கடைத்தட்டிலும் வெயிலில் கிடந்தால் மூடிக்கு அடியில் இருக்கும் ஈஸ்டும் சேர்ந்து வேகிறது. ஆகவே தேதி பார்த்து நல்ல ஈஸ்ட் தனியாக வாங்குங்கள், போடும்வரை குளிர்பெட்டியில் வையுங்கள். ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். நுரைக்கும்போது வாளி தானே சூடாகும், அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூட ஏறிவிடும். ஈரத்துணியைச் சுற்றி மின்விசிறிக்கு எதிரே வைத்தாலே நன்றாகக் குளிரும். நான் சொன்ன தொண்டைக் காரம் பெரும்பாலும் சூட்டால் வருவது. நல்ல ஈஸ்டையும் சூட்டில் போட்டால் கெட்டுவிடும். ஈஸ்ட், அப்புறம் சூடு, இந்த இரண்டும் சரியானால் டப்பா பீர் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

சர்க்கரை பற்றி ஒரு வரி: அதற்குப் பதில் உலர்ந்த மால்ட் தூள் போடுங்கள், பீர் தண்ணியாக இருக்காது.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். ஹாப்ஸுக்கு வருகிறேன். அது ஒரு கொடியின் பூ. கொதிக்கவைத்தால் கசப்பு இறங்கும், ஆனால் மணம் ஆவியோடு போய்விடும். டப்பாவில் கசப்பு இருக்கிறது, மணம்தான் இல்லை. அதை நாம் கொடுக்கலாம், இரண்டு வழி உண்டு. 25 கிராம் ஹாப்ஸை, தேயிலை ஊறவைப்பதுபோல வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, பாகோடு சேர்த்துவிடலாம். இல்லையென்றால் நொதித்தல் அடங்கியபின், பாட்டிலில் அடைக்க மூன்று நான்கு நாள் இருக்கும்போது நேராக வாளியில் போடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், மூடியைத் திறந்ததும் அறையே மணக்கும். எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட் தோல் மணம் வேண்டுமென்றால் கேஸ்கேட் ரக ஹாப்ஸ். மெல்லிய மூலிகை மணத்துக்குச் செக் நாட்டு சாட்ஸ். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வையுங்கள், வெளியே கிடந்தால் பழைய பாலாடைக்கட்டி நாற்றம் வரும். வீட்டில் நாய் இருந்தால் அது எட்டாத இடத்தில் வையுங்கள், ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு.

பாட்டிலில் அடைப்பதைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், நேரமில்லை. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடையுங்கள், அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும். பாட்டிலில் பீர் பொங்குவதற்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. பழுப்புப் பாட்டில், வெளிச்சம் படாத இடம். வணக்கம்.